அறுபத்தொரு ஒன்றுகள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையில், ஒரு தனியார் கல்லூரியின் வாசலில், பதினாறடி நீளத்தில் மெருகேற்றிய கருங்கல் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் எண் வெட்டப்பட்டிருக்கிறது. முழுக்க ஒன்றுகள். மொத்தம் அறுபத்தொரு ஒன்றுகள். ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கம்பி வேலியின் படம் போலத் தெரியும். கீழே சிறிய எழுத்தில், 'எவராலும் வகுக்க இயலாத எண்' என்று இருக்கிறது.

அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். அது பொய் என்று கண்டுபிடித்தவருக்கு வேலை போனதற்குக் காரணமும் நான். எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. இந்த வயதில் சொந்தக்காரர்கள் காசிக்குப் போகச் சொல்கிறார்கள். அதற்கு முன் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கல்லூரியில் நான் கணிதத் துறைத் தலைவராக இருந்தேன். தாளாளர் வளவனூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி. ஆலைக்குக் கரும்பு அனுப்புவதைவிடப் பிள்ளைகளுக்குப் பட்டம் கொடுத்து அனுப்புவது லாபம் என்று முன்கூட்டியே கண்டுகொண்டவர். அவருக்கு அறுபது முடிந்து அறுபத்தொன்று பிறந்தது. நம் வழக்கப்படி அன்று கட்டின மனைவிக்கே மறுபடி தாலி கட்ட வேண்டும். எங்கள் கல்லூரி வழக்கப்படி ஒவ்வொரு துறையும் அன்று தன் பாண்டித்தியத்தைத் தாளாளரின் காலடியில் வைக்க வேண்டும். தமிழ்த் துறை அவர்மேல் பிள்ளைத்தமிழ் பாடிவிட்டது. அறுபது வயதுக் குழந்தை சப்பாணி கொட்டுவதாக ஒரு பருவம் முழுக்க வந்தது. வேதியியல் துறை ஒரு வாசனைத் திரவியம் காய்ச்சியது. அதைப் பூசிக்கொண்ட ஆய்வக உதவியாளருக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டதால், அதைப் பரிசுப் பெட்டியோடு சேர்த்து மூடியே கொடுக்க முடிவாயிற்று.

தாளாளர் என்னை அழைத்தார்.

"எல்லா டிபார்ட்மெண்டும் எதுனா பண்ணிக்கினு இருக்காங்க சார். மேத்ஸ்காரங்க மட்டும் சும்மா குந்திக்கினு இருந்தா பாக்க நல்லாவா இருக்கும்?"

நான் அப்போதுதான் அந்த எண்ணைச் சொன்னேன். வயதுக்கு ஒன்றாக அறுபத்தொரு ஒன்றுகளை வரிசையாக நிறுத்தினால் அது ஒரு பகா எண், தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்றேன்.

"யாராலயும் ஒடைக்க முடியாதா?"

"முடியாது சார்."

அவர் முகம் மலர்ந்தது. அவருடைய தம்பி அப்போது கல்லூரியில் தனக்குப் பாதி வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தார். வாசலில் வைக்க இதைவிட நல்ல பதில் கிடையாது என்று தாளாளருக்குத் தோன்றிவிட்டது.

"கல்லுல வெட்டிடலாம் சார். மண்டகப்பட்டு கொகைல அந்தக் காலத்து ராஜா எழுதி வச்சிக்கினு போனது இன்னும் நிக்குது பாருங்க. நாம எழுதினா நிக்காதா?"

ஒரே ஒரு எதிர்ப்பு வந்தது. அவருடைய பெயரில் இரண்டு எழுத்தைக் கூட்டிக் கொடுத்த எண்கணித ஜோதிடர் புதுச்சேரியிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அறுபத்தொண்ணு கூட்டினா ஏழு. ஏழு கேது. ஒரு ஒண்ண எடுத்துட்டு அறுபதா வச்சிக்கங்க. ஆறு வரும், சுக்கிரன்."

எனக்குக் கோபம் வந்தது. என் வாழ்க்கையில் கணிதத்துக்காக நான் கோபப்பட்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. அறுபது ஒன்றுகளை அடுக்கினால் அந்த எண் மூன்றால் போகும், ஏழால் போகும், பதினொன்றால் போகும், பதின்மூன்றால் போகும், முப்பத்தேழாலும் போகும், சந்தையில் ஆட்டுக் கறியைக் கூறு போடுகிற மாதிரி யார் வேண்டுமானாலும் கூறு போடலாம் என்றேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. தாளாளர் பயந்துவிட்டார்.

"அப்ப அறுபத்தொண்ணே இருக்கட்டும். கேதுவுக்கு ஒரு பரிகாரம் பண்ணிக்கலாம். நீங்க சொல்றது நிச்சயம்தானே சார்?"

"நிச்சயம் சார்."

எதை வைத்து நிச்சயம் என்றேன்? இரண்டு ஒன்றுகளைச் சேர்த்தால் பதினொன்று, பகா எண். பத்தொன்பது ஒன்றுகள் பகா எண். இருபத்துமூன்று ஒன்றுகளும் பகா எண். இரண்டு, பத்தொன்பது, இருபத்துமூன்று ஆகியவையும் பகா எண்கள். அறுபத்தொன்றும் பகா எண். ஆகவே, என்று முடித்துவிட்டேன். மூன்று ஒன்றுகள் நூற்றுப் பதினொன்று, அது முப்பத்தேழு மூன்று என்று எனக்குத் தெரியாதா? ஐந்து ஒன்றுகளும் ஏழு ஒன்றுகளும் உடைந்துபோவது தெரியாதா? எல்லாம் தெரியும். முதலாளிக்குப் பிடித்த விடை கையில் இருக்கும்போது பிடிக்காத உதாரணங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒரு கணிப்பொறியில் தட்டியிருந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் உண்மை தெரிந்திருக்கும். கூடம் நிறையக் கணிப்பொறிகள் இருந்தன. அந்த வாரம் அவை அழைப்பிதழுக்கு முகவரி அடித்துக்கொண்டிருந்தன.

கல் வெட்டியவர் என்னிடம் மூன்று முறை கேட்டார், "எத்தினி ஒண்ணு சார்?" என்று. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்து எண்ணினார். அவர் வேலையில் ஒரு பிழையும் இல்லை.

இனி அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் துறையில் தொகுப்பூதியத்தில் ஒரு விரிவுரையாளர் இருந்தார். வயது நாற்பதுக்குள். கிளியனூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கி இவரைப் படிக்க வைத்தவர்கள். பதினோரு வருடமாக எங்களிடம் வேலை பார்த்தார். யாருக்கும் பிடிக்காத வகுப்புகள் எல்லாம் அவருக்கு. அவரை நிரந்தரமாக்கும் கோப்பு ஆறு வருடமாக என் மேசையில் இருந்தது. என் பரிந்துரைக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். காரணத்தை நான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இப்போது சொல்கிறேன். அந்த இரண்டு பேரும் நானும் நிலம் வைத்திருந்த குடும்பங்கள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகிறவர்கள். அவர் குடும்பம் எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் வேலை செய்தது. அவ்வளவுதான் காரணம்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு, சாப்பாட்டு நேரத்தில், அவர் என் அறைக்கு வந்தார். கையில் நான்கு தாள்கள்.

"சார், ஒரு அஞ்சு நிமிசம். அந்த நம்பரு வகுபடுது சார்."

நான் தயிர்ச் சோற்றில் கை வைத்திருந்தேன். "எதால?"

"எழுநூத்து முப்பத்துமூணால."

"கம்ப்யூட்டர்ல பாத்தியா?"

"லேப்ல எடம் இல்ல சார், கவர்ல அட்ரஸ் அடிச்சிக்கினு இருக்காங்க. கையாலதான் போட்டேன். ரெண்டாவது தடவையே வந்துட்டுது."

அவர் விளக்கினார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமென்றால், அந்தப் பகா எண்ணை நூற்றிருபத்திரண்டால் வகுக்கும்போது மீதி ஒன்று வந்தே தீர வேண்டும். ஆக, கண்ட எண்ணையெல்லாம் சோதிக்க வேண்டியதில்லை. 123, 245, 367, 489, 611, 733 என்று தாண்டித் தாண்டிப் போனால் போதும். இவற்றில் 367-உம் 733-உம் மட்டுமே பகா எண்கள். முதல் இரண்டு தாளில் 367-ஆல் வகுத்திருந்தார், மீதி 113. அடுத்த இரண்டு தாளில் 733. ஒவ்வொரு ஒன்றாக இறக்கி, நாம் ஐந்தாம் வகுப்பில் செய்தோமே, அதே நெடுவகுத்தல். கடைசி ஒன்றை இறக்கியதும் 5131. அது ஏழு முறை போகிறது. மீதி சுழி. அந்தச் சுழியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தார்.

"நீங்க நடத்துற தியரம்தான் சார் இது."

அது உண்மை. அந்தத் தேற்றத்தை நான் வருடாவருடம் முதுகலை மாணவர்களுக்குக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டினேன். அதற்கு வெளியே ஒரு முறைகூட அதைப் பயன்படுத்தியதில்லை.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"இல்லீங்க சார். ஃபங்ஷனுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டா, கீழ இருக்குற அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடலாம்னுதான் வந்தேன். ஒண்ணுங்க இருந்துட்டுப் போவட்டும், யாருக்கு இன்னா."

எவ்வளவு எளிய யோசனை. அந்த ஒரு வரியை எடுத்திருந்தால் போதும். ஆனால் அந்த வரிக்காகத்தான் எனக்கு மேடையில் 'கணித மாமணி' பட்டம் கொடுப்பதாக இருந்தார்கள். அழைப்பிதழிலேயே போட்டாயிற்று.

"சரிம்மா. நான் பாத்துக்கறேன். நீ யாருகிட்டயும் பேசாத. உன் ஃபைல் இருக்குல்ல, இந்த வாரமே கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் முகம் மாறியது. "ஃபைலுக்காக வரலீங்க சார்" என்றார். தாள்களை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் கை கழுவிவிட்டு அவற்றை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

விழா சிறப்பாக நடந்தது. தொகுப்பாளர் அந்த எண்ணை வாசிக்கப் பிரியப்பட்டார். நான் எழுதிக் கொடுத்தேன்: பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்றுக்குப் பின்னால் எட்டு முறை கோடி என்று சொன்னால் ஏறக்குறைய வரும். அவர் மூச்சுப் பிடித்து "கோடி, கோடி, கோடி" என்று போக, ஒவ்வொரு கோடிக்கும் கூட்டம் கை தட்டியது. தாளாளர் ஏதோ நன்கொடை அறிவிக்கிறார் என்று பந்தலில் பாதிப் பேர் நினைத்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வரவேற்பில் பன்னீர் தெளிக்கும் வேலை அந்த அம்மாவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. என்மேலும் தெளித்தார். கோப்பில் நான் கையெழுத்துப் போடவில்லை. போட்டால் அவர் வாய்க்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அயோக்கியத்தனத்தில்கூட எனக்குக் கொள்கை இருந்தது.

நான்காம் நாள் விழுப்புரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய பேனர் முளைத்தது. தம்பி வைத்தது. தாளாளரும் மனைவியும் மாலையோடு நிற்கும் படம். கீழே: 'அண்ணன் அண்ணிக்கு அறுபதாம் கல்யாண வாழ்த்துகள். தங்கள் எண்ணை 733-ஆல் வகுத்துப் பார்த்தோம். மீதி ஒன்றும் இல்லை. அன்புத் தம்பி.' தம்பியின் மகன் கணிப்பொறி படித்தவன். அவனுக்கு ஒரு நொடி வேலை. மாலைக்குள் அந்தப் படம் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. கிண்டலைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. தம்பி ஏதோ கிண்டல் செய்கிறார் என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

மறுநாள் காலை தாளாளர் அறை. அவரும் மேனேஜரும் இருந்தார்கள்.

"மானம் போச்சு சார். டீக்கடைல நிக்கிறவன்லாம் எழுநூத்து முப்பத்துமூணுன்றான். பால்காரன் சிரிக்கிறான். யாரு சார் இந்தக் கணக்க செக் பண்ணது?"

யாரும் செக் பண்ணவில்லை என்பதுதான் பதில். 'நான் பார்க்காமலே சொல்லிவிட்டேன்' என்ற மூன்று சொற்கள். அவர் என்னை என்ன செய்துவிடுவார்? திட்டுவார். பட்டத்தைத் திருப்பி வாங்க முடியாது. ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது, துரத்தவும் மாட்டார். இதையெல்லாம் நான் பிறகு பல தடவை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அன்று என் வாயில் வந்தது வேறு.

"அந்தம்மாகிட்டதான் சார் செக் பண்ணக் குடுத்தேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஆதாரம் வேண்டும் என்று என் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, அந்த நான்கு தாள்களையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அந்த எண் வகுபடும் என்று காட்டும் தாள்கள். அதைக் கண்டுபிடித்தவரின் கையெழுத்தில். அவர் தப்பாகக் கணக்குப் போட்டதற்குச் சாட்சியாக.

யாராவது படித்துவிட்டால் தீர்ந்தேன். தாளாளர் முதல் தாளைத் தூக்கிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை இறங்கும் எண்கள். மேனேஜர் கடைசித் தாளை எடுத்தார். வட்டம் போட்ட சுழியைத் தொட்டுக் காட்டினார்.

"பக்கம் பக்கமா போட்டுட்டு கடைசில முட்டதான் வாங்கிக்கினு இருக்கு பாருங்க."

தாளாளர் சிரித்துவிட்டார். ஒரு கல்வி நிறுவனத்தின் தாளாளர் அறையில் அந்தச் சுழியைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானும் சிரித்தேன்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். தாள்களைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, "சார், நீங்களே சொல்லுங்க" என்றார். நான் ஜன்னல் வழியாகப் பூந்தொட்டியைப் பார்த்தேன். "நான் செக் பண்ணலீங்க, நான் கண்டுபுடிச்சேன்" என்று அவர் தாளாளரிடம் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "தப்பு பண்ணிட்டு எதிர்த்துப் பேசிக்கினு இருந்தா எப்படிம்மா?" என்றார் மேனேஜர். அந்த மாதத்தோடு அவரை நிறுத்தினார்கள். அனுபவச் சான்றிதழில் 'கணக்கீட்டில் கவனக்குறைவு காரணமாக விடுவிக்கப்பட்டார்' என்று எழுதினார்கள். ஒரு கணித ஆசிரியரின் சான்றிதழில் அந்த வரி இருந்தால் எந்தக் கல்லூரி உள்ளே விடும்? வரைவு என்னிடம்தான் வந்தது. ஒற்றுப் பிழை ஒன்றைத் திருத்திக் கொடுத்தேன்.

கல்லை எடுக்கவில்லை. வைத்த கல்லை எடுப்பது ஆகாது என்று ஜோதிடர் சொல்லிவிட்டார்.

நான் ஓய்வு பெற்றேன். இன்னொரு பொன்னாடை. வருடங்கள் போயின. போன வருடம் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தபோது, கைப்பேசிக் கடை ஒன்றின் மாடியில் 'போட்டித் தேர்வு – கணக்கு வகுப்பு' என்ற பலகையில் அவர் பெயரைப் பார்த்தேன். ஏறிப் போனேன். கல்யாணமான பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "ஒக்காருங்க சார், பத்து நிமிசம்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நன்றாக நடத்தினார். நான் அவ்வளவு நன்றாக நடத்தியதில்லை.

எல்லாரும் போன பிறகு, நான் மனத்துக்குள் எழுதி வைத்திருந்ததைப் பேச ஆரம்பித்தேன். பாதியில் அழுதுவிட்டேன்.

"அழுவாதீங்க சார். கீழ கடைக்காரரு நான் எதுனா திட்டிட்டேன்னு நெனச்சிக்குவாரு."

"எனக்கு என்ன செய்றதுன்னு தெரியலம்மா."

"எனக்குத் தெரியும் சார்" என்றார் உடனே. "ஒரு காலேஜ்ல போஸ்ட் வரப் போவுது. எனக்கு வயசு லிமிட்டு இன்னும் ஒரு வருசம்தான் இருக்கு. சர்டிபிகேட்ல அந்த வரி இருக்குறவரைக்கும் அப்ளிகேஷன் போட்டுப் புண்ணியமில்ல. நீங்க எங்கூட வந்து, தாளாளரு முன்னாடி, தப்பு யாருதுன்னு உங்க வாயால சொல்லணும். லெட்டர்லாம் வேணாம். நேர்ல."

"அடுத்த வாரம் வர்றேன்."

நான்கு மாதம் கழித்துப் போனேன். முதலில் முட்டி வலி. பிறகு ஆடி மாதம். பிறகு பேத்தி பள்ளியில் ஏதோ விழா. இரண்டு தடவை அவர் கூப்பிட்டார், இரண்டு தடவையும் கைப்பேசி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதுக்கு மேல் ஒரு கரும்பு விவசாயிக்கு நான் எதற்காகப் பயந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தேன். "இன்னா சார், உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார். அதற்குமேல் தாங்கவில்லை.

தாளாளர் மெலிந்து போயிருந்தார். காதில் கருவி. நான் நின்றுகொண்டே சொன்னேன்: "சார், அந்த எண்ணை நான் சோதிக்கவே இல்லை. வகுபடும்னு கண்டுபிடிச்சு விழாவுக்கு முன்னாடியே எங்கிட்ட சொன்னது இவங்கதான். நான் மறைச்சேன். உங்ககிட்ட பழியை இவங்கமேல போட்டேன்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்த நம்பரு சார்?"

விளக்கினேன்.

"அட, அதுவா. அதான் தம்பியும் நானும் பிரிச்சிக்கினோமே. அவனுக்கு பாலிடெக்னிக்கு, எனக்கு இது. இப்பதான் ராசியா இருக்கோம். அதுக்குப் போயி இத்தினி வருசம் மனசுல வச்சிக்கினு இருந்தீங்களா? வுடுங்க சார்." பிறகு அந்த அம்மாவிடம், "நீ இங்கயா வேல செஞ்ச?" என்றார்.

"பதினோரு வருசம் சார்."

"இன்னா வேணுமோ டைப் பண்ணிக் குடுக்கச் சொல்றேன், வாங்கிக்கினு போ."

வேறு ஒரு மேனேஜர் தட்டச்சு செய்தார். அவர் பக்கத்தில் நின்றே படித்தார் அந்த அம்மா. சேர்ந்த வருடம் தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னார். துறையின் பெயர் விட்டுப்போயிருந்தது, மறுபடி திருத்தச் சொன்னார். "ஜல்தியா ஆவும்னு பாத்தா பேஜாரு பண்றீங்களே மேடம்" என்றார் மேனேஜர். அந்த அம்மா அசையவில்லை. மூன்றாம் தாளை இரண்டு தடவை படித்து, முத்திரை காயும்வரை ஊதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்து சாலையோரம் நின்றோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மாதிரிகூட இருந்தது.

"இன்டர்வியூ எப்பம்மா?" என்று கேட்டேன்.

"அது போன மாசமே முடிஞ்சிட்டுது சார்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை.

"இன்னும் எட்டு மாசம் இருக்கு. வேற எதுனா வந்தா இது ஆவும்" என்றார். திண்டிவனம் வண்டி தூரத்தில் தெரிந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். படியில் கால் வைத்தவர் திரும்பி, "நீங்க ரோட்டுக்கு அந்தாண்ட நிக்கணும் சார். விழுப்புரம் வண்டி அந்தப் பக்கம்தான் வரும். பாத்துத் தாண்டுங்க" என்றார்.